கல்யாண டிவிடியைக் காப்பாற்றும் கணக்கு

2000க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கல்யாணம் நடந்த வீடுகளில் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கும் பத்திரக் கவருக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். உள்ளே மணமக்கள் படம் ஒட்டிய குறுந்தகடு. சற்று முந்திய கல்யாணமென்றால் மூன்று நான்கு விசிடி. பிந்தியதென்றால் ஒன்றோ இரண்டோ டிவிடி. அதைப் போட்டுப் பார்த்த பிளேயர் எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. இப்போது வாங்கும் மடிக்கணினிகளில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. ‘தகடு பத்திரமாகத்தானே இருக்கிறது, ஒருநாள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெட்டியை மூடிவிடுகிறோம்.

இந்த நிதானம்தான் எனக்குக் கவலை தருகிறது. கடையில் வாங்கிய சினிமா டிவிடியும் ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண டிவிடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு பொருள்கள். சினிமாத் தகடு அச்சில் வார்த்தது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் நுண்ணிய பள்ளங்களாகத் தகவலை அழுத்தி, மேலே அலுமினியம் பூசிவிடுவார்கள். கல்யாணத் தகட்டில் பள்ளங்கள் கிடையாது. அதில் இருப்பது ஒரு கரிமச் சாயப் பூச்சு. ‘ரைட்’ பண்ணும்போது டிரைவின் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, ஒளியைத் திருப்பும் தன்மையை மாற்றுகிறது. கல்யாணம் முழுவதும் அந்தச் சுட்ட புள்ளிகளாகத்தான் இருக்கிறது. சாயம் என்றால் வெளுக்கும். வெயில், சூடு, ஈரப்பதம் மூன்றும் அதற்கு ஆகாது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, நெடுநாள் வைப்புக்குக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தைத்தான் சொல்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் ஏப்ரல், மே மாதங்களில் மூடிய மர பீரோவுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்ததும் அல்ல, உலர்ந்ததும் அல்ல.

எல்லாத் தகடும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. சாயத்தின் வகை, எழுதிய வேகம், வைத்திருந்த இடம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். இருபது வருடம் கழித்தும் பிசிறில்லாமல் ஓடுவது உண்டு. ஐந்தாறு வருடத்தில் திணறத் தொடங்கியதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து எது எப்படி என்று சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

எவ்வளவு நுண்ணிய எழுத்து என்று தெரிந்தால் பொறுப்பு புரியும். டிவிடியில் தகவல் ஒரே ஒரு சுருள் கோடாக, உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர்தான் தூரம். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஏறக்குறைய 1350 சுற்றுகள் அடங்கிவிடும். சுருளை நீட்டினால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். இதைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசர். விசிடி என்பது சாதாரண சிடிதான். அதில் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர். ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் குவியும் புள்ளி சிறுக்கும், எழுத்தை நெருக்கலாம். 700 எம்பி சிடி 4.7 ஜிபி டிவிடியாக வளர்ந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

இங்கே பலரும் கவனிக்காத வேறுபாடு ஒன்று. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டியது; தகவல் நடுவில் பத்திரமாக இருக்கிறது. சிடியில் அப்படியில்லை. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில், படம் ஒட்டுகிறோமே அந்தப் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே தகவல் இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பார்கள். உண்மையில் அடிப்பக்கக் கீறல் பிளாஸ்டிக்கோடு நின்றுவிட வாய்ப்புண்டு. மேல்பக்கக் கீறல் நேராகத் தகவலையே பெயர்த்துவிடும். ஓரம் கிளம்பிய கல்யாண ஸ்டிக்கரை ‘அசிங்கமாக இருக்கிறதே’ என்று விசிடியிலிருந்து உரித்தால், ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் வந்துவிடும். தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் கண்ணாடிபோலத் தெரியும். அந்த இடத்தை எந்தக் கடைக்காரராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே ஸ்டிக்கர் எப்படி இருந்தாலும் கை வைக்காதீர்கள். டிரைவில் சிக்கும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த விளிம்பை மட்டும் கத்தரித்துவிடலாம்.

அழுக்கைத் துடைக்கவும் முறை உண்டு. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகச் சுற்றித் துடைப்பதுதான் நம் கைப்பழக்கம், அதுதான் ஆபத்து. இதன் காரணத்தில் இருபதாம் நூற்றாண்டின் அழகான கணிதங்களில் ஒன்று இருக்கிறது.

1960இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அதன் சாரத்தைப் பள்ளிக்கூட வரைபடத் தாளிலேயே காட்டலாம். இரண்டு எண்களை ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவற்றை இரண்டு புள்ளிகளாகக் குறித்து, வழியாக ஒரு நேர்கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின்மேல் இன்னும் மூன்று புள்ளிகளைச் சேர்த்து மொத்தம் ஐந்தாக அனுப்புங்கள். வழியில் எந்த மூன்று தொலைந்தாலும் கவலையில்லை. மீதி இரண்டைக் கொண்டு அதே கோட்டை வரைந்து, போன மூன்றையும் மீட்டுவிடலாம். புள்ளி தொலையாமல் இடம் மாறிப் பொய் சொன்னாலும், பெரும்பான்மைப் புள்ளிகள் விழும் கோட்டைவைத்துப் பொய்யைப் பிடித்துவிடலாம். நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்புக் கோவை, சாதாரண எண்களுக்குப் பதிலாக முடிவுள்ள ஓர் எண் கணம். இதுதான் ரீட்-சாலமன் குறியீடு.

டிவிடி இதை இரண்டு திசையில் கையாளுகிறது. 32 கிலோபைட் தகவலை எடுத்து, 192 வரிசை, 172 நிரல் கொண்ட கட்டமாக அடுக்குகிறது. ஒவ்வொரு வரிசையின் வால்பகுதியிலும் 10 சரிபார்ப்பு பைட்டுகள், ஒவ்வொரு நிரலின் அடியிலும் 16. தூசு, லேசான கறை போன்ற சில்லறைப் பிழைகளை வரிசையே சரிசெய்துகொள்ளும். நீளமான கீறல் ஒன்று முழு வரிசைகளையே சிதைத்தால், ‘இந்த வரிசை தேறாது’ என்று குறித்துவிட்டு நிரல்களின் உதவியால் அவற்றை நிரப்பும். 16 வரிசைகள்வரை மொத்தமாகப் போனாலும் ஒரு பைட்கூடக் குறையாமல் திரும்பிவரும். தகட்டின் பரப்பில் அது சுருளின் போக்கில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் குறுக்கே வெட்டினாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது தொடுவது தன் அகலத்தை மட்டுமே, கணிதம் தாங்கிக்கொள்ளும். வட்டமாகத் துடைத்த கீறல் ஒரே சுற்றின்மேல் சென்டிமீட்டர் கணக்கில் படுத்துக்கொள்ளும். அதைத் தாங்க எந்த நிரலாலும் முடியாது.

விசிடிக்கு இவ்வளவு பாதுகாப்பு இல்லை. 1993இல் அதன் விதிகளை வகுத்தபோது, கணினித் தகவல் சிடியில் கூடுதலாக இருந்த பிழைதிருத்த அடுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். படத்தில் ஒரு நொடி புள்ளி விழுந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், அந்த இடத்தில் கூடுதல் நிமிடம் கிடைக்கட்டும் என்பது கணக்கு. 2352 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டிலும் 2324 பைட்டைப் படத்துக்கே கொடுத்தார்கள். ஒரு சிடியில் 74 நிமிடம், 80 நிமிடம் என்று படம் பிடித்தது அதனால்தான். அன்றைக்கு நியாயமான முடிவு. இன்றைக்கு அதன் விலை தெரிகிறது: விசிடியின் படக் கோப்பை விண்டோஸில் நகலெடுத்துப் பார்த்தவர்களுக்கு, முக்கால்வாசி ஓடிய பிறகு ‘சுழற்சி மிகைச் சரிபார்ப்புப் பிழை’ என்று சொல்லிவிட்டு எடுத்ததையும் கைவிடும் அந்தச் செய்திப் பெட்டி பழக்கமானதாக இருக்கும். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் முதலில் விசிடியை எடுங்கள். சாதாரண நகலெடுப்பு தோற்றால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள்கள் படிக்க முடியாத துண்டுகளைத் தாண்டிக்கொண்டு மீதியை எடுத்துத் தரும். அரை நொடி உடைந்த படம், இல்லாத படத்தைவிட எவ்வளவோ மேல்.

இனி வேலைக்கு வருவோம். நகலெடுப்பதும் மாற்றுவதும் தனித்தனி வேலைகள். பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறார்கள். ‘டிவிடியை எம்பி4 ஆக்கித் தருகிறோம்’ என்று சொல்லும் கடைகளும் அப்படித்தான். தகட்டிலிருந்து நேராகச் சிறிய கோப்பாகச் சுருக்கி, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சுருக்கம் சரியில்லை என்று பின்னால் தெரியும்போது தகடு செத்திருக்கும். முதலில் தகட்டை உள்ளது உள்ளபடி, ஒரு பிட்கூட மாறாமல் ஹார்டு டிஸ்க்குக்கு இறக்க வேண்டும். சுருக்குவதைப் பிறகு எத்தனை தரம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

வெளியில் செருகும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். அதிகம் செலவு பிடிக்காத சாதனம் அது. டிவிடியைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்றொரு ஃபோல்டர். உள்ளே ஒரு ஜிபிக்குச் சற்றும் மிகாத விஓபி கோப்புகள் வரிசையாக. எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை ஐஎஃப்ஓ கோப்புகள் வைத்திருக்கும். விஓபிகளை மட்டும் எடுத்து ஒட்டினால் சில தகடுகளில் ஒலி முன்பின்னாகிவிடும். அதனால் முழுத் தகட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பதே நல்லது. விண்டோஸில் இம்க்பர்ன், மேக்கில் உள்ளேயே இருக்கும் டிஸ்க் யுட்டிலிட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. தகடு நல்ல நிலையில் இருந்தால் கால் மணி நேரத்தில், அல்லது அதைச் சற்று ஒட்டி, வேலை முடிந்துவிடும்.

நல்ல நிலையில் இல்லாத தகட்டுக்கு டிடிரெஸ்க்யூவைப்போல ஒரு துணை கிடையாது; காசும் இல்லை. சாதாரண நகலெடுப்பு பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படி நிற்காது. முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். பிறகு திரும்பிவந்து விட்ட இடங்களை மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்டும். நடுவில் நிறுத்திவிட்டு வேறு டிரைவில் தகட்டைப் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவின் லேசர் படிக்காத இடத்தை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இதில் நம் கல்யாணங்களுக்கென்றே அமைந்ததுபோல ஒரு வசதி இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் வழக்கமாகப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பிரதிகளாவது கொடுப்பார். ஒரே மூலத்திலிருந்து எழுதியவையாக இருந்தால் இரண்டிலும் அதே தகவல் அதே எண்ணுள்ள துண்டில் இருக்கும். ஆனால் ஒன்று தென்காசியிலும் மற்றது திருச்சியிலும் வேறு வேறு பீரோவில், வேறு வேறு கைகளில் பழசாகியிருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் பழுதாவது அபூர்வம். எங்கள் உறவில் 2007இல் நடந்த ஒரு கல்யாணத்தின் தகடு கடைசிக் கால் பகுதியில் ஓடவே இல்லை. அத்தை வீட்டுப் பிரதியை டிடிரெஸ்க்யூவில் ஓட்டி, அதே வரைபடக் கோப்போடு சம்பந்தி வீட்டுப் பிரதியைப் போட்டேன். முதல் தகட்டில் விடுபட்ட துண்டுகளை மட்டும் இரண்டாவதிலிருந்து தேடிப் படித்தது. சம்பந்தி வீட்டுத் தகட்டிலும் பழுதுகள் இருந்தன, வேறு இடங்களில். இரண்டு ஓட்டைத் தகடுகளிலிருந்து ஓட்டையே இல்லாத ஒரு கல்யாணம் கிடைத்தது. இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வாய்த்ததில்லை.

கடைசிப் பகுதிதான் முதலில் போகும் என்பதற்கும் காரணம் உண்டு. சுருள் உள்ளிருந்து வெளியே போவதால் படத்தின் முடிவு விளிம்பை ஒட்டி அமையும். கைபடும் இடம் அது. ஈரம் புகும் இடமும் அது. எழுதும்போது டிரைவ் வேகம்பிடித்துச் சாயத்தை அவசரமாகச் சுட்ட இடமும் பெரும்பாலும் அதுதான். கல்யாண வீடியோவின் வரிசையை நினைத்துப் பாருங்கள். மாலை வரவேற்பு முதலில், முகூர்த்தம் நடுவில், கடைசியில் பந்தியும் மறுவீடும். தாலி கட்டியது ஆல்பத்தில் நிழற்படமாக எப்படியும் இருக்கும். தாத்தா இலையை மடித்துவிட்டு எழுந்து போவதும், பெரியம்மா பரிமாறுகிறவரிடம் ‘போதும், போதும்’ என்று கையால் இலையை மறைப்பதும் அந்தப் பந்தி வீடியோவில் மட்டும்தான் இருக்கின்றன. இன்று இல்லாதவர்கள் நடமாடிப் பேசும் ஒரே பதிவு அதுவாக இருக்கக்கூடும். அது போய் உட்கார்ந்திருப்பது தகட்டின் மிகப் பலவீனமான விளிம்பில்.

மூலம் கைக்கு வந்தாயிற்று. இனிச் சுருக்கலாம். டிவிடியில் இருப்பதே ஏற்கெனவே சுருக்கிய படம்தான். நம் நாட்டு டிவியின் ‘பால்’ (PAL) முறையில் ஒரு சட்டகம் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். நிறத்தகவலைக் கண்ணுக்குத் தெரியாதபடி கால்வாசியாகக் குறைத்த பிறகும், சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரம் 56 ஜிபி பிடிக்கும். இரண்டு மணி நேரக் கல்யாணம் 4.7 ஜிபிக்குள் அடங்க வேண்டுமென்றால் நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட்தான் கிடைக்கும். இருபத்தைந்தில் ஒரு பங்கு.

அந்த அளவுக்குச் சுருங்கியதற்கு இரண்டு உத்திகள். ஒன்று, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதுவது. மெதுவாக மாறும் அலைகளைத் துல்லியமாகவும், கண் அவ்வளவாகக் கவனிக்காத நுண்ணலைகளைத் தோராயமாகவும் வைத்துக்கொள்கிறார்கள். தனித்த கோசைன் உருமாற்றம் என்ற இந்தக் கணிதத்தை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் இதற்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அவர் கேட்ட நிதி மறுக்கப்பட்டது. விடாமல் தொடர்ந்து, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974இல் வெளியிட்டார். நம் கைப்பேசிகளில் இருக்கும் ஜேபெக் நிழற்படங்கள் எல்லாம் அந்தக் கட்டுரையின் பிள்ளைகள். இந்த ஊர்ப் பாடநூல்களில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாவது உத்தி காலத்தைப் பயன்படுத்துகிறது. அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் முழுப் படத்தை வைத்துக்கொண்டு, இடையிலுள்ள பத்துப் பதினொரு சட்டகங்களுக்கு ‘முன்னதிலிருந்து எது எங்கே நகர்ந்தது’ என்ற குறிப்பை மட்டும் எழுதுகிறார்கள். மணவறை அசையாது, ஹோமப் புகை மெல்ல எழும், ஐயரின் கை மட்டும் நகரும் என்றால் குறிப்பு மிகச் சிறிது. கெட்டிமேளம் கொட்டும் கணத்தில் நிலைமை தலைகீழ். நாற்புறமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வோர் அரிசியும் தனித்தனித் திசையில். புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் மின்னி முழுச் சட்டகத்தையும் ஒரு கணம் வெளுக்கிறது. முந்தைய படத்தை வைத்து அடுத்ததை ஊகிக்கவே வழியில்லை. எழுத வேண்டியது மலைபோலக் குவிகிறது. டிவிடியோ படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் அனுமதிக்காது. மூன்று மணி நேரத்தை ஒரே தகட்டில் திணித்திருந்தால் அந்த அளவுகூட இருக்காது. எல்லோரும் காத்திருந்த தாலி கட்டும் கணத்தில் படம் சதுரம் சதுரமாக உடைவது இதனால்தான். கேமராக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படி உடைந்ததை எந்த மாற்றமும் சரிசெய்யாது. புதிய முறையில் சுருக்கும்போது அந்தச் சதுரங்களையும் படத்தின் பகுதியாக எண்ணி, அவற்றையும் விசுவாசமாகக் காப்பாற்றப் பார்க்கும். அதோடு தன் பங்குக்குச் சிறிது இழப்பையும் சேர்க்கும். 2003இல் வந்த எச்.264 முறை, ஊகிப்பதில் டிவிடியின் எம்பெக்-2வைவிட வெகு கெட்டிக்காரத்தனமானது. ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆகவே கைப்பேசியில் பார்க்கவும் வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பவும் அது சரி. மூலத்துக்கு மாற்றாக அது ஆகாது. சுருக்காமலே வசதி வேண்டுமென்றால், மேக்எம்கேவி போன்ற மென்பொருளால் விஓபிகளின் படத்தையும் ஒலியையும் தொடாமல் எம்கேவி என்ற வேறு உறைக்குள் மாற்றிப் போடலாம். தரம் துளியும் குறையாது, ஒரே கோப்பாக ஓடும்.

சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள், இலவசம். அதில் ‘இவ்வளவு எம்பி வேண்டும்’ என்று கேட்காமல், மாறாத் தரம் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து ஆர்எஃப் எண்ணை 18க்கும் 20க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். அசையாத மணவறைக்குக் குறைவாகவும் அட்சதை மழைக்கு அதிகமாகவும் இடத்தை அதுவே பிரித்துக் கொடுக்கும். ஒலியை மாற்றாமல் அப்படியே கடத்திவிடலாம். நாதஸ்வரத்தை இரண்டாம் தரம் சுருக்கினால் உச்ச ஸ்தாயி கரகரக்கும்.

இரண்டு இடங்களில் பெரும்பாலான கோப்புகள் கெட்டுப்போகின்றன. முதலாவது, வரிப்பின்னல். பழைய டிவிக்காகப் பிடித்த படத்தில் ஒவ்வொரு சட்டகமும் இரண்டு அரைப் படங்கள்: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்து. பழைய டிவி அவற்றை மாறி மாறிக் காட்டியது. கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், அசைகிற எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பல் முளைக்கும். தவில்காரரின் வலது கையில் நிறுத்திப் பாருங்கள்: விரல்களில் மாட்டிய கூடுகள் இரண்டிரண்டாகக் கிழிந்து நிற்கும். ஹேண்ட்பிரேக்கில் வரிப்பின்னலை நீக்கும் வடிகட்டியைப் போட்டு, ஒவ்வோர் அரைப் படத்தையும் முழுப் படமாக விரித்து நொடிக்கு 50 சட்டகங்களாக எடுத்தால், அந்த விரல்களின் ஓட்டம் அந்தக் காலத்து டிவியில் பார்த்த அதே வழுக்கலோடு திரும்பிவரும். 25க்குக் குறைத்தால் அசைவில் பாதி போய்விடும். தவிலுக்கு அது அநியாயம்.

இரண்டாவது, புள்ளியின் வடிவம். டிவிடியின் புள்ளிகள் சதுரமல்ல. 720க்கு 576 என்று பதிவானதை 4:3 படமாகக் காட்டும்போது 768க்கு 576 ஆக விரிக்க வேண்டும். பழைய படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பிவிட்டு, ‘அப்போது எல்லோரும் குண்டாக இருந்தோம்’ என்று சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். அது குறையல்ல, அந்தப் படத்தின் வடிவம் அதுதான்.

செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள். 352க்கு 288 புள்ளி கொண்ட விசிடியில் பின்வரிசைப் பாட்டியின் முகத்துக்குக் கிடைத்தது இருபது முப்பது புள்ளிகள் அகலம்தான். அதிலிருந்து தெளிவான கண்ணும் பல்லும் வருகிறதென்றால், அவை ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளின் ஊகம். பார்க்க அழகாக இருக்கும். பாட்டியாக இருக்காது. ஆசைக்கு ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள்; மங்கலான அசலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். அது வேறு கதை. அவற்றில் பெரும்பாலானவை 40 பிட் சாவியால் பூட்டப்பட்டவை. அந்தப் பூட்டைத் திறக்கும் நிரல் 1999இல் வெளிவந்தது. அதில் பங்கிருந்த நார்வே இளைஞர் ஜோன் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. தான் வாங்கிய தகட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமல்ல என்று நார்வே நீதிமன்றங்கள் 2003இல் இருமுறை அவரை விடுவித்தன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. நகலெடுத்துப் பகிர்வதும் விற்பதும் தெளிவாகக் குற்றம். என் அக்கறை அங்கே இல்லை. சினிமா அச்சுத்தகடு, சாயம் வெளுக்கும் கவலை அதற்குக் கிடையாது. அந்தப் படமும் உலகில் வேறு எங்காவது இருக்கும். உங்கள் வீட்டுப் பந்தி வேறு எங்கும் இருக்காது. கல்யாணத் தகடுகளில் பூட்டும் கிடையாது. ஒன்று மட்டும்: ஸ்டுடியோக்காரர் பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டோடு அதை யூடியூபில் ஏற்றினால், பாட்டின் ஒலித்தடத்தை இயந்திரம் அடையாளம் கண்டு உரிமை கோரிவிடும். குடும்பத்துக்குக் காட்ட வேண்டுமென்றால் கோப்பாகவே கொடுங்கள்.

எடுத்த ஐஎஸ்ஓவை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில், முடிந்தால் இரண்டு ஊர்களில் வையுங்கள். பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் என்ற பழைய ஏற்பாடே போதும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகை எண்ணைக் கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். மற்ற ஊர்ப் பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளலாம். தகடுகளையும் தூக்கிப்போட வேண்டாம். அதே உரைக்கோப்பில் தேதி, மண்டபம், ஊர், எந்த நிமிடத்தில் பந்தியில் யார் யார் என்பதையும் எழுதுங்கள். கைரேகை எண்ணை இயந்திரம் எத்தனை ஆண்டு கழித்தும் கணக்கிட்டுவிடும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கும் சித்தப்பாவின் பெயரை, அவரைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.